ஆலயத்தில் வேலை இருக்கிறது, அறையில் ஜெபம் வரவில்லை

கேள்வி:

அக்கா, நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வீட்டை விட்டு வந்த புதிதில் ரொம்பத் தனிமையாக இருந்தது. பக்கத்துச் சபையில் "வந்து ஒத்தாசை பண்ணும்மா" என்று கூப்பிட்டார்கள், ஆசையாகப் போனேன். இப்போது ஐந்து பொறுப்பு இருக்கிறது: பாடகர் குழு, ஆராதனையில் பாட்டு வரிகளைத் திரையில் போடுவது, ஞாயிறு பள்ளியில் எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகள், வாலிபர் கூட்டத்தின் செயலாளர் வேலை, சபையின் முகநூல் பக்கம். ஆலயத்துக்குள் இருக்கும்போது விசுவாசம் இருக்கிற மாதிரி இருக்கிறது. விடுதி அறைக்கு வந்து கதவைச் சாத்தினால் ஜெபிக்க ஒரு வார்த்தை வருவதில்லை. போன மாதம் திருவிருந்து நேரத்தில் அடுத்த பாட்டைத் திரையில் தயார் பண்ணிக்கொண்டிருந்தேன். கடைசி ஆளாக ஓடிப்போய் வாங்கினேன். திரும்பி வந்து உட்கார்ந்த பிறகு, வாங்கினேனா என்றே சந்தேகம் வந்தது. ஒரு பாடத்தில் தேர்ச்சியும் போய்விட்டது. மூன்று வாரத்துக்கு முன் வகுப்பில், இயேசு உயிரோடு எழுப்பிய லாசருவைப் பற்றி ஒரு பையன், "லாசரு மறுபடியும் செத்துப்போனாரா, மிஸ்?" என்று கேட்டான். "நல்ல கேள்வி, அடுத்த வாரம் சொல்கிறேன்" என்றேன். இன்னும் சொல்லவில்லை. வேஷம் போடுகிற மாதிரி இருக்கிறது. வாலிபர் கூட்டத் தலைவர் "இது சாத்தானின் தடை, விட்டுவிடாதே" என்கிறார். விசுவாசம் திரும்ப வரும்வரை எல்லாவற்றையும் விட்டுவிடட்டுமா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் விட வேண்டாம். எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளவும் வேண்டாம். ஞாயிறு பள்ளி வகுப்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற நான்கையும் ஒழுங்காக ஒப்படைத்துவிடுங்கள். ஏன் அந்த வகுப்பு என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த "வேஷம்" என்கிற வார்த்தையைப் பார்ப்போம். பல வருஷமாகக் கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஆலோசகராக இருக்கிறேன். சபையில் முன்னால் நிற்கிற பிள்ளைகள்தான் இந்த வார்த்தையை அதிகமாகச் சொல்கிறார்கள். பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போகிறவர்கள் சொல்லிக் கேட்டதில்லை. உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இருப்பது உங்களுக்கு வலிக்கிறது. அந்த வலி இருக்கும்வரை உங்களை வேஷக்காரி என்று நான் நம்பமாட்டேன்.

1 சாமுவேல் 3ஆம் அதிகாரத்தை இன்று ராத்திரி ஒருமுறை மெதுவாக வாசியுங்கள். சிறுவயதில் கதையாகக் கேட்டதை மறந்துவிட்டு, புதிதாக வாசிக்கிற மாதிரி வாசியுங்கள். சாமுவேல் சீலோவிலுள்ள ஆலயத்திலேயே வளர்கிறான். ஆசாரியனாகிய ஏலியின் முன்பாகக் கர்த்தருக்குப் பணிவிடை செய்கிறான். உடன்படிக்கைப் பெட்டி இருக்கிற இடத்திலேயே படுத்துத் தூங்குகிறான். அவனை விட ஆலய வேலைக்குக் கிட்டே இருந்த பையன் யார்? ஆனால் 7ஆம் வசனம், சாமுவேல் கர்த்தரை இன்னும் அறியாதிருந்தான் என்கிறது. இதை ஒரு குற்றமாக வேதம் சொல்லவில்லை. அவன் அப்போது இருந்த நிலை அது, அவ்வளவுதான். வேலை செய்துகொண்டிருந்தான், இன்னும் அறியவில்லை. கூப்பிட்ட குரலையும் ஏலியின் குரல் என்று நினைத்துத்தான் மூன்று தடவை எழுந்து ஓடுகிறான்.

உங்கள் கடிதத்தை வாசித்தபோது எனக்கு அந்த ஓட்டம்தான் ஞாபகம் வந்தது. கூப்பிடுகிற சத்தம் கேட்டதும் எழுந்து ஓடுகிறீர்கள். பாஸ்டர் கூப்பிடுகிறார், பாடகர் குழுவில் கூப்பிடுகிறார்கள், வாலிபர் கூட்டத்தில் கூப்பிடுகிறார்கள். எல்லாம் நல்ல குரல்தான். ஆனால் படுத்திருந்து கேட்க ஒரு ராத்திரி கூட மிச்சம் இல்லை.

அந்த அதிகாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் 15ஆம் வசனம். கர்த்தர் பேசி முடித்த பிறகு சாமுவேல் விடிகிறவரை படுத்திருந்துவிட்டு, எழுந்து ஆலயத்தின் கதவுகளைத் திறக்கிறான். புது வேலை ஒன்றும் இல்லை. அதே கதவு. எல்லாவற்றையும் விட்டுவிட்டு, விசுவாசம் வந்த பிறகு திரும்பி வரலாம் என்று நினைக்கிற பிள்ளைகளுக்கு நான் இந்த வசனத்தைக் காட்டுவதுண்டு.

நீங்கள் கேட்ட இதே கேள்வியை ஒருவர் கிட்டத்தட்ட முந்நூறு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருக்கிறார். பிற்காலத்தில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி. இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் 1729இல் அவருடைய தம்பி சார்லஸும் இன்னும் சில மாணவர்களும் சேர்ந்து ஒரு சிறு குழுவாகக் கூடத் தொடங்கினார்கள், ஜான் அதற்குத் தலைவரானார். கிரேக்கப் புதிய ஏற்பாட்டைச் சேர்ந்து வாசிப்பார்கள், வாரத்தில் இரண்டு நாள் உபவாசம் இருப்பார்கள், 1730 முதல் சிறைக் கைதிகளைப் போய்ப் பார்ப்பார்கள். மற்ற மாணவர்கள் கேலி பண்ணினார்கள். பல்கலைக்கழக வளாகத்தில் இதற்கு மேல் ஊழியம் செய்த ஒருவரைச் சொல்வது கஷ்டம். அப்புறம் கடல் கடந்து அமெரிக்காவிலுள்ள ஜார்ஜியாவுக்கும் ஊழியத்துக்குப் போனார். வழியில் கப்பல் புயலில் மாட்டியபோது, உடன் வந்த மொராவியக் குடும்பங்கள் (ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு புராட்டஸ்டன்ட் சபையார்) அமைதியாகப் பாடிக்கொண்டிருந்தார்கள், தனக்கோ மரணபயம் இருந்தது என்பது அவரைக் குடைந்துகொண்டே இருந்தது. ஊர் திரும்பிய பிறகு, 1738 மார்ச்சில், தனக்கு விசுவாசமே இல்லை என்று முடிவுக்கு வந்து, பிரசங்கம் பண்ணுவதை நிறுத்திவிடட்டுமா என்று பீட்டர் போலர் என்கிற மொராவிய ஊழியரிடம் கேட்டார். போலர் அவரை விட ஒன்பது வயது இளையவர். வேண்டவே வேண்டாம் என்றார். விசுவாசம் வரும்வரை விசுவாசத்தைப் பிரசங்கியுங்கள், வந்த பிறகு அது இருப்பதால் பிரசங்கிப்பீர்கள் என்பது அவருடைய பதில். அந்த வருஷம் மே 24ஆம் தேதி, லண்டனில் ஒரு சிறு கூட்டத்தில், ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை யாரோ வாசித்துக்கொண்டிருந்தபோது தன் இருதயம் அனலானதாக வெஸ்லி எழுதிவைத்திருக்கிறார். அதற்குப் பிறகும் சிறைகளுக்குப் போவதை அவர் விடவில்லை.

இந்த வரலாற்றை நான் கொஞ்சம் தயக்கத்தோடுதான் சொல்கிறேன். "பார்த்தாயா, நிறுத்தக்கூடாது" என்று உங்கள் தலையில் ஆறாவது பொறுப்பைக் கட்டவும் இதை யாராவது பயன்படுத்தலாம். போலர் சொன்னது சுமையைப் பற்றி அல்ல. விசுவாசம் குறைவாக இருக்கிறது என்பதற்காக வாயை மூட வேண்டாம் என்றார். சுமையைப் பற்றிப் பேச வேதத்தில் வேறொருவர் இருக்கிறார். மோசேயின் மாமனார் எத்திரோ. காலையிலிருந்து சாயங்காலம்வரை மருமகன் தனியாக உட்கார்ந்து ஜனங்களுக்கு நியாயம் விசாரிப்பதைப் பார்த்துவிட்டு, நீர் செய்கிற காரியம் நல்லதல்ல என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். நீரும் தொய்ந்துபோவீர், உம்மோடு இருக்கிற ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்றார். மோசே செய்தது தேவனுடைய வேலைதான். அதிலே கூட அளவு என்று ஒன்று இருந்தது. உங்கள் வாலிபர் கூட்டத் தலைவர் அக்கறையோடுதான் சொல்லியிருப்பார். ஆனாலும் களைப்பு வருகிறபோதெல்லாம் அதைச் சாத்தானின் தடை என்று பெயரிட்டுவிட்டால், எத்திரோ சொன்னதைக் கேட்க நமக்குக் காது இல்லாமல் போகும்.

சரி, ஏன் ஞாயிறு பள்ளி?

திரையில் பாட்டு வரி போடுகிறவர் ஒரு பிழையும் இல்லாமல் போட்டால் அவர் அங்கே இருப்பதே யாருக்கும் தெரியாது. அது தேவையான வேலை, யாராவது செய்யத்தான் வேண்டும். ஆனால் அந்த வேலையில் உங்களை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். முகநூல் பக்கமும் அப்படித்தான். ஐந்து பொறுப்பில் உங்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டது அந்தப் பையன் மட்டும்தான். உங்கள் கடிதம் முழுக்க வாசித்தேன், உயிருள்ள வரி அதுதான்.

அவனுடைய கேள்வியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். யோவான் 11ஆம் அதிகாரத்தை ஒரு நாளைக்கு ஒருமுறையாக ஐந்து நாள் வாசியுங்கள். பாடம் எடுப்பதற்காகக் குறிப்பு எழுத வேண்டாம், அவன் கேட்டதற்குப் பதில் தேடுகிறவளாக வாசியுங்கள். லாசரு பிறகு எப்படி மரித்தார் என்று வேதத்தில் எங்கேயும் எழுதவில்லை. அதை அவனிடம் அப்படியே சொல்லலாம், பிள்ளைகள் அதற்குக் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். ஆனால் அடுத்த அதிகாரத்தில் 10ஆம் வசனத்தைப் பாருங்கள். பிரதான ஆசாரியர்கள் லாசருவையும் கொலைசெய்ய ஆலோசனை பண்ணுகிறார்கள். கல்லறையிலிருந்து வந்த மனுஷனைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்றால், அவரைச் சாகடிக்க முடியும் என்று அவர்கள் நினைத்தார்கள். அவர் திரும்பி வந்தது நம்மைப் போல ஒருநாள் சாகிற அதே உயிருக்குத்தான்.

பிறகு 11:44க்குத் திரும்புங்கள். லாசரு எப்படி வெளியே வருகிறார்? கைகால்கள் பிரேதச் சீலைகளால் கட்டப்பட்டபடி, முகம் சீலையால் சுற்றப்பட்டபடி வருகிறார். இவனைக் கட்டவிழ்த்து விடுங்கள் என்று இயேசு சொல்லித்தான் மற்றவர்கள் அவிழ்க்கிறார்கள். இப்போது யோவான் 20:6, 7. பேதுரு இயேசுவின் கல்லறைக்குள் போகிறார். சீலைகள் அங்கேயே கிடக்கின்றன. தலையில் சுற்றியிருந்த சீலை தனியாக ஓரிடத்தில் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. லாசருவுக்கு அந்தத் துணி இன்னொரு நாள் தேவைப்படும். இயேசுவுக்கு இனிமேல் தேவையே இல்லை. மரித்தோரிலிருந்து எழுந்த கிறிஸ்து இனி மரிப்பதில்லை என்று ரோமர் 6:9இல் பவுல் எழுதுவது இதைத்தான்.

இதை எட்டு வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு நீளத் துணி போதும். ஒரு பிள்ளையைத் துணியால் சுற்றி நடக்கச் சொல்லுங்கள், மற்றவர்கள் அவிழ்க்கட்டும். பிறகு அந்தத் துணியைச் சுருட்டித் தரையில் வைத்துவிட்டு, ஆள் எங்கே என்று கேளுங்கள். அந்த நிமிஷம் வகுப்பு அமைதியாகிவிடும்.

பிள்ளைகளுக்காகத் தேடப் போய் நமக்குக் கிடைத்துவிடுகிறது. ஊழியத்தில் விசுவாசம் வளர்வதை நான் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் இப்படித்தான். "என் விசுவாசம் வளர வேண்டும்" என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறபோது அது அசைவதில்லை. ஒரு பையன் கேட்ட கேள்வியோடு ஐந்து நாள் யோவான் சுவிசேஷத்துக்குள் நடந்துவிட்டு வந்தால், ஆறாம் நாள் ஜெபிக்க ஒரு வார்த்தை இருக்கும். "ஆண்டவரே, அந்தப் பையனுக்கு நான் என்ன சொல்ல?" இதுவும் ஜெபம்தான். அறையில் அதற்கு மேல் வரவில்லை என்றால் அதோடு விளக்கை அணைத்துவிட்டுப் படுங்கள். ஒரு மணி நேர ஜெபம் என்று இப்போது தீர்மானம் எடுக்காதீர்கள், நாலாம் நாள் அது உடைந்து இன்னொரு குற்ற உணர்ச்சியாகிவிடும்.

இன்னொன்று. பல்கலைக்கழக வருஷங்களில் சுற்றி இருக்கிற எல்லோரும் ஒரே வயது. விடுதியில், வகுப்பில், நூலகத்தில் எங்கே திரும்பினாலும் பதினெட்டிலிருந்து இருபத்துமூன்று வரை. அறுபது வயதில் விசுவாசம் எப்படி இருக்கும், கணவரை இழந்த ஒருவர் எப்படி ஜெபிப்பார், எட்டு வயதில் மரணம் எப்படித் தெரியும் என்று பார்க்க வாய்ப்பே இல்லை. சபையில் அவர்கள் எல்லோரும் ஒரே கூரைக்கடியில் இருக்கிறார்கள். அதனால்தான் வளாகத்தில் எவ்வளவு நல்ல ஐக்கியக் குழு இருந்தாலும், ஒரு உள்ளூர்ச் சபையோடு ஒட்டிக்கொள்ளுங்கள் என்று மாணவர்களை வற்புறுத்துகிறேன். ஆனால் ஐந்து பொறுப்போடு ஓடுகிறவர் யாரோடும் இரண்டு நிமிஷம் நின்று பேசமுடியாது. உங்கள் கடிதத்தில் சபையில் ஒரு பெரியவரின் பேச்சு கூட வரவில்லை என்பதைக் கவனித்தேன்.

உங்களுக்கு ஒரு ஏலி வேண்டும். ஏலி அப்படி ஒன்றும் முன்மாதிரியான மனுஷர் இல்லை. கண் மங்கியவர், தன் பிள்ளைகளைத் திருத்தத் தவறியவர். முதல் இரண்டு தடவை அவருக்கும் ஒன்றும் புரியவில்லை, போய்ப் படுத்துக்கொள் என்றுதான் சொன்னார். மூன்றாவது தடவைதான் கர்த்தர் கூப்பிடுகிறார் என்று புரிந்தது. "சொல்லும், அடியேன் கேட்கிறேன்" என்று சொல்லும்படி அவர்தான் கற்றுக்கொடுத்தார். உங்கள் சபையில் நீங்கள் மதிக்கிற ஒரு அம்மாவிடம், மாதம் ஒருமுறை உட்கார்ந்து பேசலாமா என்று கேளுங்கள். எனக்கு எழுதியதை அவர்களிடமும் சொல்லுங்கள். முதல் தடவையே உங்களைப் புரிந்துகொள்ளாவிட்டால் பொறுமையாக இருங்கள்.

நான்கு பொறுப்புகளை ஒப்படைப்பது சங்கடமான காரியம்தான். முதலில் பாஸ்டரிடம் நேரில் சொல்லுங்கள், வாட்ஸ்அப்பில் வேண்டாம். வாலிபர் கூட்டத்தில் அது பேச்சாகும் முன் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இப்படிச் சொல்லலாம்: "ஐயா, ஒரு பாடத்தில் தேறவில்லை. ஜெப வாழ்க்கையும் வறண்டுபோயிருக்கிறது. ஞாயிறு பள்ளி வகுப்பை இந்தக் கல்வியாண்டு முழுக்க நன்றாகச் செய்ய ஆசைப்படுகிறேன். மற்றவற்றை வேறு யாரிடமாவது ஒப்படைக்க ஒரு மாதம் உதவி செய்கிறேன்." காரணத்தை மறைக்க வேண்டாம், நீட்டவும் வேண்டாம். அந்த ஒரு மாதத்தில் திரை வேலையை இன்னொருவருக்குப் பக்கத்தில் உட்காரவைத்துக் கற்றுக்கொடுங்கள். இதில் எதையும் கற்றுக்கொள்ள ஆள் இல்லை என்று நினைக்காதீர்கள். நீங்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்வரை யாரும் முன்வந்திருக்கமாட்டார்கள்.

பாஸ்டர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதையும் கவனியுங்கள். அவர் முதலில் "படிப்பு எப்படிம்மா, தூங்குகிறாயா?" என்று கேட்டால் நல்ல மேய்ப்பனிடம் இருக்கிறீர்கள். கர்த்தருக்குக் கொடுத்ததைத் திரும்ப எடுக்கிறாயா என்று கேட்டு அழவைத்தால், பதில் பேசாமல் நீங்கள் தீர்மானித்ததை மட்டும் மரியாதையாக மறுபடி ஒருமுறை சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். உங்கள் படிப்பும் கர்த்தருக்கு முன்பாகச் செய்கிற வேலைதான். தானியேலும் அவனுடைய மூன்று நண்பர்களும் பாபிலோனில் படித்தார்கள், அவர்களுக்கு எழுத்திலும் கல்வியிலும் சாமர்த்தியத்தைக் கொடுத்தவர் தேவன் என்று முதல் அதிகாரத்திலேயே இருக்கிறது. தேறாத பாடத்துக்காக வாரத்தில் இரண்டு சாயங்காலம் ஒதுக்குவதற்கு நீங்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

மாதத்தில் ஒரு ஞாயிறாவது, முடிந்தால் திருவிருந்து உள்ள ஞாயிறு, ஒரு வேலையும் இல்லாமல் ஆராதனையில் உட்காருங்கள். கையில் எதுவும் இல்லாமல், நடுவரிசையில், யாராவது ஒரு பாட்டியின் பக்கத்தில். முதல் தடவை கை பரபரக்கும், திரையில் எழுத்துப்பிழை கண்ணில் படும். பரவாயில்லை, அடுத்த மாதம் கொஞ்சம் குறையும். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது அந்தத் திருவிருந்துதான். அப்பத்தையும் ரசத்தையும் வாங்கிக்கொள்ள வரிசையில் மெதுவாக நடந்துபோவது, முழங்கால்படியிடுவது, கையை நீட்டுவது, இதெல்லாம் உங்களுக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும். அங்கே நாம் எதையும் செய்வதில்லை, வாங்கிக்கொள்கிறோம்.

ஆலோசகராக ஒன்றைக் கேட்காமல் விட முடியாது. இந்த வறட்சி ஜெபத்தில் மட்டுமா, எல்லாவற்றிலுமா? தூக்கம் கெட்டிருக்கிறதா, சாப்பாடு இறங்கவில்லையா, முன்பு சந்தோஷமாக இருந்தது எதுவும் இப்போது சந்தோஷம் தரவில்லையா? இரண்டு வாரத்துக்கு மேல் அனேகமாகத் தினமும் இப்படி இருந்தால், பல்கலைக்கழகத்தின் மனநல ஆலோசகரையோ ஒரு மருத்துவரையோ பாருங்கள். இருந்து என்ன பயன் என்கிற மாதிரி எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றபோது, தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தட்டி எழுப்பிச் சாப்பிட வைத்தான், மறுபடி தூங்க விட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். ஓரேப் மலையில் கர்த்தர் பேசியது அதற்கெல்லாம் பிறகுதான். சரீரமும் மனசும் ஓய்ந்துபோவதை விசுவாசக் குறைவு என்று எண்ணிவிடாதீர்கள்.

இந்த வாரம் வேறு எதுவும் முடியாவிட்டாலும் யோவான் 11ஐ மட்டும் எடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு தொடங்குமுன் அந்தப் பையனைக் கூப்பிட்டு, "தம்பி, அடுத்த வாரம் என்று சொல்லி ஏமாற்றிவிட்டேன், மன்னித்துக்கொள், இன்றைக்குப் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். லாசருவின் துணியைப் பற்றிச் சொன்னதும் அவன் கண்டிப்பாக அடுத்த கேள்வி ஒன்று கேட்பான். அது என்ன கேள்வி என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா